சிடரோஃபோர் சோதனை: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாக்டீரியா இரும்பைப் பிடிக்க வெளியே அனுப்பும் சின்ன மூலக்கூறுகளுக்கு சிடரோஃபோர் என்று பெயர். அதை ஆய்வகத்தில் முதன்முறையாகத் தேடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை நேராக நீலத் தட்டுக்கு, அதாவது இரும்பைப் பிடித்த நீலச் சாயம் கலந்த அகார் தட்டுக்கு, போய்விடுகின்றன. தட்டில் ஆரஞ்சு வளையம் வந்தால் ‘சிடரோஃபோர் உண்டு’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது போதாது. அந்த வளையத்திலிருந்து தெரிவதெல்லாம், சாயத்திடம் இருந்த இரும்பை ஏதோ ஒன்று எடுத்துக்கொண்டது என்பது மட்டும்தான். எடுத்தது சிடரோஃபோர்தானா என்று சொல்ல, இரும்பு தாராளமாகக் கொடுத்தால் பாக்டீரியா அந்த உற்பத்தியை நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாப் படிகளும் தானாகப் புரியும்.

முதலில் கணக்கு

பூமியின் மேலோட்டில் எடைப்படி நான்காவது இடத்தில் இருக்கும் தனிமம் இரும்பு. இவ்வளவு இருந்தும் பஞ்சம் எங்கிருந்து வருகிறது? காரணம் ஆக்சிஜன். காற்றுப் படும் நீரில், பி.எச். 7 அளவில், இரும்பு ஃபெரிக் (Fe³⁺) நிலைக்கு மாறி ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். கரைந்து தனியாக மிஞ்சும் ஃபெரிக் அயனியின் செறிவு சுமார் 10⁻¹⁸ மோலார். இந்த எண்ணைப் பார்த்தால் உடனே எதுவும் தோன்றாது. அதனால் எண்ணிப் பாருங்கள்: ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய ஆறு லட்சம் அயனிகள். ஒரே ஒரு எ.கோலை செல் ஒருமுறை பிரிவதற்கே ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் இரும்பு அணுக்கள் வேண்டும். அதாவது ஒரு லிட்டரில் உள்ள மொத்தத் தனி இரும்பும் ஒரு செல்லுக்கே சரியாகப் போய்விடும்.

மனித ரத்தத்தில் நிலைமை இன்னும் மோசம். டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பை இறுகப் பிடித்து வைத்திருப்பதால், தனி இரும்பின் அளவு 10⁻²⁴ மோலாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாக்டீரியா சும்மா காத்திருந்தால் பிழைக்காது. படிந்து கிடக்கும் இரும்பையும் பிறர் கையில் இருக்கும் இரும்பையும் தானே போய் எடுத்து வந்தாக வேண்டும்.

எல்லா பாக்டீரியாவும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம். லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா இரும்பே தேவைப்படாத அளவுக்குத் தன் நொதிகளை மாற்றிக்கொண்டு மாங்கனீஸை வைத்துச் சமாளிக்கிறது. சில பாக்டீரியாக்கள் டிரான்ஸ்ஃபெரினிலிருந்தோ, ஹீமோகுளோபினில் இரும்பைச் சுமக்கும் ஹீமிலிருந்தோ நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே உங்கள் பாக்டீரியாவில் வளையம் வராமல் போனால், அதற்கு வேறு வழி இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது

சோதனைக்கு முன் இதைப் படித்தே ஆக வேண்டும். எந்தப் படியில் எதை அளக்கிறோம் என்று தெரியாமல் அளந்து பயனில்லை.

செல்லுக்குள் இரும்பு போதுமா என்று கவனிக்கும் புரதத்தின் பெயர் ஃபர். இரும்பு இருக்கும்போது ஃபெரஸ் (Fe²⁺) அயனி ஃபர்ரோடு சேரும். அப்படிச் சேர்ந்த ஃபர், டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து சிடரோஃபோர் மரபணுக்களை அடைத்து வைக்கும். இரும்பு குறைந்ததும் ஃபர் வெறுமையாகி டி.என்.ஏ.வை விட்டு விலகும். மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். எ.கோலை, சூடோமோனாஸ், பாசில்லஸ் போன்றவற்றில் இந்த வேலையைப் பார்ப்பது ஃபர். மைக்கோபாக்டீரியாவில் ஐடிஇஆர் என்ற வேறு வகைப் புரதம் இதே வேலையைச் செய்கிறது. சிடரோஃபோர் தயாரிக்க ஆற்றலும் மூலப்பொருளும் நிறையச் செலவாகும் என்பதால்தான் இத்தனை கட்டுப்பாடு. உங்கள் முழுச் சோதனையும் இந்த ஒரு கட்டுப்பாட்டின் மேல்தான் நிற்கப்போகிறது.

அடுத்தது தயாரிப்பு. எ.கோலை செய்யும் எண்டரோபாக்டினை எடுத்துக்கொள்வோம். கோரிஸ்மேட் என்ற பொருளிலிருந்து மூன்று நொதிகள் டைஹைட்ராக்சிபென்சாயிக் அமிலத்தை உருவாக்குகின்றன. பிறகு ரைபோசோமின் உதவியே இல்லாமல், பெரிய நொதித் தொகுப்பு ஒன்று இந்த அமிலத்தை செரின் என்ற அமினோ அமிலத்தோடு இணைக்கிறது. இப்படி மூன்று துண்டுகள் சேர்ந்து ஒரு வளையமாக மூடிக்கொள்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கேட்டகால் குழு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆக்சிஜன். மொத்தம் ஆறு ஆக்சிஜன்கள், இரும்பைச் சுற்றி ஆறு விரல்கள் மூடியதுபோலப் பிடிக்கின்றன. ஃபெரிக் அயனி விரும்புவதும் சரியாக ஆறு பிணைப்புகளைத்தான். அதனால்தான் இந்தப் பிணைப்பின் நிலைப்பு மாறிலி சுமார் 10⁴⁹ என்ற அளவுக்குப் போகிறது. இயற்கையில் அறியப்பட்ட மிக வலுவான இரும்புப் பிடிகளில் இதுவும் ஒன்று. 1970-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. அதனால் பழைய கட்டுரைகளில் எண்டரோகீலின் என்ற பெயரும் வரும். இரண்டும் ஒரே பொருள்.

எல்லா சிடரோஃபோரும் கேட்டகால் வகை அல்ல. ஹைட்ராக்சமேட் வகை உண்டு; ஸ்ட்ரெப்டோமைசிஸ் செய்யும் டெஸ்ஃபெரியாக்சமின் அதில் பிரபலம். ரத்தம் அடிக்கடி ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் உடலில் சேரும் அதிக இரும்பை வெளியேற்ற அதையே மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். கார்பாக்சிலேட் வகையும் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸின் ஸ்டஃபைலோஃபெரின் அந்த வகை. சூடோமோனாஸின் பையோவெர்டின், சில எ.கோலை செய்யும் ஏரோபாக்டின் போன்றவை கலப்பு வகை. எது எந்த வகை என்பது பிறகு சோதனையைத் தேர்ந்தெடுக்கும்போது தேவைப்படும்.

செய்து முடித்த எண்டரோபாக்டின், உள் சவ்வில் இருக்கும் என்ட்எஸ் என்ற புரதம் வழியாகவும், வெளிச் சவ்வில் டால்சி என்ற குழாய் வழியாகவும் வெளியே போகிறது. வெளியே இரும்பைப் பிடித்தபின் திரும்பி வருவது இவ்வளவு எளிதல்ல. இரும்போடு சேர்ந்த எண்டரோபாக்டின் சாதாரணத் துளைகளில் நுழையாத அளவுக்குப் பெரியது. ஃபெப்ஏ என்ற ஏற்பி அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது. அந்த ஏற்பி ஒரு பீப்பாய் வடிவப் புரதம். நடுவே ஒரு அடைப்பு இருக்கிறது. அடைப்பை அசைக்க ஆற்றல் வேண்டும். ஆனால் வெளிச் சவ்வின் பக்கம் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யும் கிடையாது, புரோட்டான் ஏற்றத்தாழ்வும் கிடையாது. ஆகவே உள் சவ்வின் புரோட்டான் விசையை டான்பி என்ற நீண்ட புரதம் அங்கிருந்து எட்டித் தொட்டு வெளிச் சவ்வுக்குக் கடத்துகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான். எத்தனை முறை படித்தாலும் அலுக்கவில்லை.

உள்ளே வந்தபின் இரும்பை விடுவிக்க வேண்டும். அவ்வளவு இறுக்கமான பிடியைத் தளர்த்த எ.கோலை அந்த மூலக்கூறையே வெட்டுகிறது. ஃபெஸ் என்ற நொதி வளையத்தை உடைக்கிறது. பிறகு இரும்பு ஃபெரஸ் நிலைக்கு மாறி விடுபடுகிறது. ஹைட்ராக்சமேட் வகைகளில் பல, உடையாமல் இரும்பை மட்டும் ஒடுக்கி இறக்கிவிட்டு மீண்டும் பயன்படுகின்றன.

இந்தப் பாதை முழுவதிலும் நீங்கள் தட்டில் பார்க்கப்போவது ஒரே ஒரு கட்டத்தை மட்டும்: வெளியே வந்த மூலக்கூறு இரும்பைப் பிடிக்கும் கட்டம். உள்ளே எடுத்துக்கொள்ளும் திறன் உண்டா என்பதை நீலத் தட்டு சொல்லாது.

எந்த பாக்டீரியாவில் தொடங்கலாம்

சூடோமோனாஸ் ஃப்ளுவோரசன்ஸ் அல்லது சூடோமோனாஸ் புடிடா. இரண்டும் மண்ணில் வாழ்பவை, 25 முதல் 28 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும். சூடோமோனாஸ் ஏருஜினோசா நோய் உண்டாக்கக்கூடியது. பழகும் காலத்தில் அது வேண்டாம். பையோவெர்டினுக்கு இன்னொரு வசதி உண்டு: புற ஊதா விளக்கில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். சாயம் எதுவும் கலக்காமலே கண்ணால் பார்க்கலாம். எதிர்மறை ஒப்பீட்டுக்கு, சிடரோஃபோர் மரபணு நீக்கப்பட்ட ஒரு திரிபு கிடைத்தால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பை விலக்குவது

உழைப்பில் பாதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். ஒரு லிட்டர் ஊடகத்தில் 1 மைக்ரோமோலார் இரும்பு என்றால் வெறும் 56 மைக்ரோகிராம். கண்ணாடியின் உட்சுவர், உப்புகளில் இருக்கும் மாசு, அகார், குழாய்த் தண்ணீர் ஆகியவற்றிலிருந்து அந்த அளவு சத்தமில்லாமல் வந்துவிடும். மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால், அந்த 56 மைக்ரோகிராமே லட்சக்கணக்கான கோடி செல்களுக்குப் போதும். அதாவது ‘இரும்பே சேர்க்கவில்லை’ என்று நீங்கள் நம்பும் ஊடகத்தில் பாக்டீரியா நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கும். சிடரோஃபோர் செய்யத் தேவையே வராது.

கண்ணாடிப் பாத்திரங்களை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசுங்கள். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல. இதைப் புகை வெளியேற்றும் பெட்டிக்குள் (ஃபியூம் ஹூட்), கையுறையும் கண் காப்பும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். முடிந்தால் புதிய பிளாஸ்டிக் குழாய்களையே பயன்படுத்துங்கள். உலோகக் கரண்டியை உப்பு டப்பாவுக்குள் விடாதீர்கள்.

சூடோமோனாஸுக்கு சக்சினேட் ஊடகம் நல்லது. லிட்டருக்கு: டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3 கிராம், அம்மோனியம் சல்பேட் 1 கிராம், நீரேறிய மக்னீசியம் சல்பேட் 0.2 கிராம், சக்சினிக் அமிலம் 4 கிராம், பி.எச். 7-க்குச் சரிசெய்யவும். இதில் 24 முதல் 48 மணி நேரம் குலுக்கி வளர்த்தால் திரவம் மஞ்சள்பச்சையாக மாறும்.

விதைக்கும் செல்களைக் கவனியுங்கள். செறிவான ஊடகத்தில் வளர்ந்த செல்கள் வயிறு நிறைய இரும்போடு வரும். அவற்றை இரும்பற்ற உப்புக் கரைசலில் இருமுறை கழுவி, முடிந்தால் சக்சினேட் ஊடகத்தில் ஒருமுறை வளர்த்துவிட்டு, அப்புறம் உண்மையான சோதனைக்கு விதையுங்கள்.

நீலத் தட்டு

1987-இல் ஷ்வின், நீலண்ட்ஸ் இருவரும் வெளியிட்ட முறை இது. குரோம் அசுரால் எஸ் என்ற சாயமும் ஃபெரிக் இரும்பும், எச்.டி.டி.எம்.ஏ. என்ற சோப்புப் பொருளும் சேர்ந்தால் அடர்நீல நிறம். சாயத்தைவிட வலுவாகப் பிடிக்கும் ஏதாவது வந்து இரும்பை எடுத்துக்கொண்டால் நீலம் போய் ஆரஞ்சு தெரியும். இரும்பைப் பிடிக்கும் எந்த வகைக்கும் பொதுவாக வேலை செய்வது இதன் பலம். அதே காரணத்தால்தான் இது ஏமாற்றவும் செய்யும்.

ஒரு லிட்டர் தட்டுக்குத் தேவையான சாயத்தை முதலில் தயாரியுங்கள். சாயம் 60.5 மி.கி.யை 50 மி.லி. நீரில் கரைத்து, அதில் 10 மி.லி. இரும்புக் கரைசலைச் சேருங்கள். இரும்புக் கரைசல் என்பது 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 1 மில்லிமோலார் ஃபெரிக் குளோரைடு. தனியாக 72.9 மி.கி. எச்.டி.டி.எம்.ஏ.வை 40 மி.லி. நீரில், லேசாகச் சூடாக்கிக் கரையுங்கள். சாயமும் இரும்பும் கலந்த திரவத்தை, கலக்கிக்கொண்டே மெதுவாக இதில் ஊற்றுங்கள். கிடைக்கும் 100 மி.லி. அடர்நீலத் திரவத்தைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்யுங்கள்.

அடுத்து அகார். 750 மி.லி. நீரில் 30.24 கிராம் பைப்ஸ் எனும் தாங்கல் பொருளைப் போட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பி.எச். 6.8-க்குக் கொண்டுவாருங்கள். தொடக்கத்தில் பைப்ஸ் கரையாமல் வெள்ளையாக நிற்கும், பி.எச். ஏற ஏறக் கரைந்துவிடும். பிறகு பாஸ்பேட் குறைக்கப்பட்ட பத்து மடங்கு உப்புக் கரைசல் 100 மி.லி., அகார் 15 கிராம். அந்த உப்புக் கரைசலில் லிட்டருக்குப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3 கிராம், சோடியம் குளோரைடு 5 கிராம், அம்மோனியம் குளோரைடு 10 கிராம். ஆட்டோகிளேவ் செய்து 50 டிகிரிக்கு ஆறியதும், இரும்பு நீக்கிய 10 சதவீத கேசமினோ அமிலம் (பால் புரதமான கேசீனைச் சிதைத்துப் பெறும் அமினோ அமிலக் கலவை) 30 மி.லி., கிருமி நீக்கிய 20 சதவீத குளுக்கோஸ் 10 மி.லி. சேர்த்து, கடைசியாக நீலச் சாயத்தைக் குடுவையின் சுவரோரமாக நுரை வராமல் ஊற்றிக் கலக்குங்கள்.

தட்டு நல்ல நீலமாக இருக்க வேண்டும். பச்சையாக வந்தால் பி.எச். இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; அந்தத் தொகுதியை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

கழுவிய செல்களில் 5 மைக்ரோலிட்டரைப் புள்ளியாக வைத்து, இரண்டு மூன்று நாள் பொறுங்கள். காலனியைச் சுற்றி ஆரஞ்சு வளையம் விரியும். வளையத்தின் விட்டத்தைக் காலனியின் விட்டத்தால் வகுத்து எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணை வைத்து ‘இது அதைவிட இரண்டு மடங்கு செய்கிறது’ என்று சொல்லக்கூடாது. சிறிய மூலக்கூறு வேகமாகப் பரவும், பெரியது மெதுவாகப் பரவும். காலனியின் வளர்ச்சி வேகமும் மாறும். தட்டு ‘உண்டு, இல்லை’ என்பதற்கு மட்டும்.

கிராம் பாசிட்டிவ் பாக்டீரியா பலவற்றுக்கு எச்.டி.டி.எம்.ஏ. நஞ்சு. அவை தட்டில் வளராமலே போகும். உடனே ‘சிடரோஃபோர் இல்லை’ என்று எழுதிவிட வேண்டாம். அவற்றை அவற்றுக்கு ஏற்ற, இரும்பு குறைந்த தட்டில் வளர்த்துவிட்டு, மேலே நீலச் சாயம் கலந்த மெல்லிய அடுக்கை ஊற்றிப் பாருங்கள்.

இரும்பைக் கொடுத்துப் பார்ப்பது

அமிலம் சுரக்கும் பாக்டீரியா நிறத்தை மாற்றும். சிட்ரேட் போன்ற சாதாரண அமிலங்களும் இரும்பை இழுக்கும். பாஸ்பேட் அதிகமிருந்தால் அதுவும் சாயத்தோடு போட்டியிடும். இவற்றையெல்லாம் பிரித்தறிய நான் எப்போதும் மூன்று குழாய்களை வைக்கச் சொல்வேன்.

முதல் குழாயில் இரும்பு சேர்க்காத ஊடகம். இரண்டாவதில் தொடக்கத்திலேயே 50 மைக்ரோமோலார் ஃபெரிக் குளோரைடு. இரண்டையும் ஒரே அளவு வளர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, செல் இல்லாத திரவத்தை எடுங்கள். மூன்றாவது குழாயைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: முதல் குழாயின் வடித்த திரவத்தில் ஒரு பகுதியை எடுத்து, அதில் இப்போது அதே 50 மைக்ரோமோலார் இரும்பைச் சேருங்கள். பிறகு மூன்றின் திரவத்தையும் நீலச் சாயத்தோடு கலந்து நிறத்தைப் பாருங்கள்.

இது எதற்கு? இரண்டாவது குழாய் நீலமாகவே நின்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். பாக்டீரியா சிடரோஃபோர் செய்யவே இல்லை என்பது ஒன்று. செய்தது, ஆனால் அதெல்லாம் நீங்கள் போட்ட இரும்பிலேயே நிரம்பிவிட்டதால் சாயத்திடமிருந்து எடுக்க இடமில்லை என்பது இன்னொன்று. மூன்றாவது குழாய் இன்னும் ஆரஞ்சாகவே மாறி, இரண்டாவது மட்டும் நீலமாக நின்றால், உற்பத்தி உண்மையிலேயே நின்றிருக்கிறது. மூன்றாவதும் நீலமாகிவிட்டால், நீங்கள் சேர்த்த இரும்பு அளவுக்கு அதிகம். 10 அல்லது 20 மைக்ரோமோலாருக்கு இறக்கி மறுபடி செய்யுங்கள்.

அளவிட, திரவ வடிவச் சாயத்தையும் வடித்த திரவத்தையும் சம அளவு கலந்து, நிறம் நிலைத்தபின் 630 நானோமீட்டரில் படியுங்கள். ஒப்பீட்டுக்கு வெறும் நீர் கூடாது. பாக்டீரியா போடாத அதே ஊடகத்தைத்தான் வைக்க வேண்டும். சக்சினேட் ஊடகத்தில் பாஸ்பேட் அதிகம் என்பதால் இது மிகவும் முக்கியம். ஒப்பீட்டின் அளவிலிருந்து மாதிரியின் அளவைக் கழித்து, ஒப்பீட்டால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். அதை செல்களின் அடர்த்தியோடு சேர்த்தே எழுதுங்கள். இரும்பற்ற குழாயில் செல்கள் குறைவாகத்தான் இருக்கும். அடர்த்தியைச் சேர்க்காவிட்டால் ஒப்பீடு பொருளற்றது.

பையோவெர்டினுக்கு இன்னும் எளிய வழி. வடித்த திரவத்தைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து, ஃபெரிக் குளோரைடு சில சொட்டு விடுங்கள். இரும்பைப் பிடித்ததும் ஒளிர்வு அணைந்து, திரவம் பழுப்பாகும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் விளக்கைப் பார்க்கக்கூடாது.

வகையைக் கண்டுபிடித்தல்

கேட்டகாலுக்கு ஆர்னோ சோதனை: வடித்த திரவம் 1 மி.லி., 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி., நைட்ரைட் மாலிப்டேட் கரைசல் 1 மி.லி.; மஞ்சள் நிறம் வரும். அடுத்து 1 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் சிவப்பாகும். இந்த வரிசை மாறக்கூடாது. ஹைட்ராக்சமேட்டுக்கு சாக்கி சோதனை. அதில் அமிலத்தில் கொதிக்கவைக்கும் படி இருப்பதால் முதல் வாரத்திலேயே அதைத் தொட வேண்டியதில்லை. இரண்டிலும் பதில் இல்லாமல் நீலத் தட்டில் மட்டும் வளையம் வந்தால், கார்பாக்சிலேட் வகையாக இருக்கலாம், வெறும் கரிம அமிலமாகவும் இருக்கலாம். அப்போது மூன்று குழாய்ச் சோதனையின் விடைதான் வழிகாட்டும். தட்டில் வளையத்தின் நிறச் சாயலை வைத்தே வகையைச் சொல்லிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. அதை நான் நம்புவதில்லை.

பயன்படுத்துகிறதா என்று பார்க்க

சிடரோஃபோர் செய்யும் பாக்டீரியா ஒன்று, அதைச் செய்யத் தெரியாத ஆனால் அதற்கான ஏற்பி உள்ள திரிபு ஒன்று வேண்டும். இரண்டாவதை, இரும்பைக் கட்டிப்போடும் டைபிரிடைல் கலந்த அகாரில் மெல்லப் பரப்புங்கள். தனியாக அது வளர முடியாத அளவுக்கு டைபிரிடைல் இருக்க வேண்டும். எவ்வளவு என்பதை முன்கூட்டியே சில செறிவுகளில் பார்த்து முடிவுசெய்யுங்கள். நடுவில் ஒரு சிறிய காகித வட்டில் முதல் பாக்டீரியாவின் வடித்த திரவத்தைச் சொட்டுங்கள். வட்டைச் சுற்றி மட்டும் வளர்ச்சி வந்தால், அந்த மூலக்கூறு இரும்பைக் கொண்டுவந்து கொடுக்கிறது, அந்த செல் அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது என்று பொருள்.

இயற்கையிலும் இப்படி நடக்கிறது. பூஞ்சைகள் செய்யும் ஃபெரிக்ரோமை எ.கோலை தானே செய்யாது, ஆனால் அதற்கென ஓர் ஏற்பி வைத்திருந்து எடுத்துக்கொள்கிறது. மனித உடலும் சும்மா இருப்பதில்லை: லிப்போகாலின் 2 என்ற புரதம் எண்டரோபாக்டினையே பிடித்து வைத்துக்கொள்கிறது. சால்மொனெல்லா அதற்கு மேல் குளுக்கோஸ் ஒட்டி உருவத்தை மாற்றி, அந்தப் பிடியில் சிக்காத சால்மோகீலினை அனுப்புகிறது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரகால் என்ற ஆன்டிபயாடிக், கேட்டகால் குழுவைச் சுமந்து இரும்பைப் பிடித்துக்கொண்டு, இதுபோன்ற சிடரோஃபோர் ஏற்பிகள் வழியாகவே பாக்டீரியாவின் வெளிச் சவ்வைத் தாண்டி உள்ளே போகிறது.

சோதனை முடிந்தபின் எல்லாத் தட்டுகளையும் குழாய்களையும் ஆட்டோகிளேவ் செய்துவிட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும். வடித்த திரவம் மீதமிருந்தால் மைனஸ் 20 டிகிரியில், தேதியோடும் இரும்பின் அளவோடும் குறித்து வையுங்கள். கேட்டகால் வகைகள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியவை. அவற்றை நாள்கணக்கில் மேசைமேல் விடாமல் உடனுக்குடன் அளந்துவிடுங்கள்.